பொன்முகலியின் மணல்: காப்பவர் யார், ஏன் காக்கின்றனர்?

2017 ஏப்ரல் 21 அன்று, அப்போதைய சித்தூர் மாவட்டத்தின் ஏர்பேடு காவல் நிலையத்துக்கு முன் முனகலபாளையம் என்னும் ஊரின் உழவர்கள் திரண்டிருந்தனர். சுவர்ணமுகி ஆற்றில் முறைகேடாக மணல் அள்ளப்படுவதைத் தடுக்க வேண்டும் என்பது அவர்களது முறையீடு. பூத்தலப்பட்டு–நாயுடுப்பேட்டை நெடுஞ்சாலையில் வந்த லாரி ஒன்று மின்கம்பத்தில் மோதி அந்தக் கூட்டத்துக்குள் புகுந்தது. பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அது விபத்தா, சதியா என்ற கேள்வி அந்நாட்களில் ஊடகங்களிலும் அரசியல் மேடைகளிலும் உரக்க எழுந்தது. சில வாரங்களில் அடங்கியது.

அந்தக் கேள்வியின் இரைச்சலில் இன்னொரு கேள்வி கேட்கப்படாமலே போயிற்று. உழைப்பு நாளொன்றை இழந்து, செல்வாக்குள்ளவர்களின் பகையைத் தேடிக்கொண்டு, அந்த உழவர்கள் ஏன் ஆற்று மணலுக்காகக் காவல் நிலையம் வரை வந்தனர்? இதற்கு இரண்டு ஆயத்தமான விடைகள் உண்டு. மண்ணின் மக்களுக்கு இயற்கைமேல் மரபாகவே பற்றுண்டு என்பது ஒன்று. தம் கிணறு வற்றிவிடும் என்ற தன்னலம் அன்றி வேறொன்றுமில்லை என்பது மற்றொன்று. சுவர்ணமுகிப் படுகையின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தால் இவ்விரு விடைகளும் போதா என்பது புலப்படும். ஆற்றைக் காக்கும் எண்ணம் மனித மனத்தில் தானாக முளைப்பதன்று. யாருக்கு எதில் உரிமை, யாருக்கு எதனால் வருவாய், யார் சொல் செல்லும் என்ற ஏற்பாடுகளே அவ்வெண்ணத்துக்கு ஒவ்வொரு காலத்திலும் உருவம் கொடுத்துள்ளன.

சித்தூர் மாவட்ட மலைப்பகுதியில் தோன்றி, திருச்சானூர், ஏர்பேடு, காளத்திப் பகுதிகளைக் கடந்து வங்கக் கடலில் கலக்கும் பருவகால ஆறு இது. நீளம் சுமார் 130 கிலோமீட்டர். தமிழிலக்கியத்தில் இதன் பெயர் முகலி, பொன்முகலி. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஞானசம்பந்தரின் காளத்திப் பதிகத்தில் சந்தனமும் அகிலும் தேக்கும் உந்திவரும் ஆறாக முகலி காட்சி தருகிறது. ஆற்றின் பெருமையைச் சொல்லப் புகுந்த புலவர், அது கொண்டுவரும் காட்டுப் பொருள்களைச் சொல்கிறார். மேல்நிலக் காடும் கீழ்நில ஆறும் ஒரே தொடர்ச்சி என்ற அறிவு அங்கே இருக்கிறது. சேக்கிழாரின் கண்ணப்பர் வரலாற்றிலோ, பன்றியை வேட்டையாடிக் களைத்த திண்ணனுக்கு அருந்தும் நீர் எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு விடையாகவே பொன்முகலி முதலில் அறிமுகமாகிறது. வழிபாட்டுக்குரிய தீர்த்தமாக அது மாறுவது அதற்குப் பின்னர்தான்.

பெயர்களின் பயணமும் கவனத்துக்குரியது. வடமொழிப் புராணம் இதனைச் சுவர்ணமுகரி என்கிறது. முகரி என்பது ஒலிப்பது என்னும் பொருள் தரும். தெலுங்கு வழக்கில் மொகலேரு என்ற பெயரும் உண்டு. மொகலி தாழையையும் ஏரு ஆற்றையும் குறிக்கும். இன்றைய அலுவல் பெயரான சுவர்ணமுகி பொன்முகம் கொண்டது எனப் பொருள்படுகிறது. ஒலிக்கும் ஆறு, தாழை ஆறு, பொன்முக ஆறு என ஒவ்வொரு மொழியும் அதே ஒலிகளில் தனக்கு வேண்டிய பொருளைக் கண்டுள்ளது. ஆறு என்பது ஒன்றாயினும் அதன்மேல் மக்கள் ஏற்றும் மதிப்பு ஒன்றன்று என்பதற்குப் பெயர்களே முதற்சான்று.

பொன் என்னும் அடைக்குக் காளத்தி வட்டாரத்தில் ஒரு கதை வழங்குகிறது. கோயில் திருப்பணியில் உழைத்தவர்கள் மாலையில் ஆற்றில் இறங்கிக் கையளவு மணலை அள்ளுவார்களாம்; அவரவர் உழைப்பின் அளவுக்கு அம்மணல் பொன்னாக மாறுமாம். தலபுராணக் கதைகளுக்கு உரிய மிகை இதில் இருக்கலாம். ஆனால் கதையின் நெறி தெளிவானது. மணலுக்குத் தானாக விலை இல்லை. உழைப்பே அதற்கு அளவுகோல். அள்ளலாம், ஆயினும் கையளவுதான்.

கதையை விட்டுக் கல்வெட்டுக்கு வந்தால், நோக்கங்களின் கணக்கு இன்னும் துல்லியமாகக் கிடைக்கிறது. திருப்பதி, திருமலைக் கோயில்களின் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. 15, 16ஆம் நூற்றாண்டுகளுக்குரிய விசயநகரக் காலக் கொடைகளை ஆராய்ந்த பர்ட்டன் ஸ்டைன், 1960இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு நடைமுறையைச் சுட்டிக்காட்டினார். கொடையாளர் கோயிலுக்குப் பணம் அளிப்பார். கோயில் அப்பணத்தைப் பெட்டியில் பூட்டி வைக்காது. தனக்குரிய ஊர்களில் ஏரி வெட்டவும் கால்வாய் தோண்டவும் செலவிடும். அதனால் கூடும் விளைச்சலிலிருந்து கொடையாளர் பெயரில் நாள்தோறும் அல்லது விழாதோறும் அமுது படைக்கப்படும். படைத்த அமுதில் நான்கில் ஒரு பங்கு கொடையாளரைச் சேரும். இதற்குக் கல்வெட்டுகளில் ‘விட்டவன் விழுக்காடு’ என்று பெயர். இன்று நாம் நூற்றுக்கு இத்தனை என்னும் பொருளில் எழுதும் விழுக்காடு என்ற சொல், அங்கே ஒருவருக்கு விழும் பங்கு என்ற பொருளில் நிற்கிறது.

இந்த ஏற்பாட்டில் பக்தி உண்டு. புகழ் விருப்பம் உண்டு. அன்றாடம் கிடைக்கும் சோற்றுப் பங்கும் உண்டு. இவற்றுள் எது உண்மையான நோக்கம் என்று பிரித்துக் கேட்பது பயனற்றது. முக்கியமானது வேறு. கால்வாயில் நீர் ஓடும் வரைதான் அமுதுபடி நடக்கும். அமுதுபடி நடக்கும் வரைதான் பங்கு விழும். கொடையாளரின் புண்ணியமும் வருவாயும் நீர்நிலையின் நீடிப்போடு முடிச்சிடப்பட்டிருந்தன. நீண்ட காலத்தை எண்ணிப் பார்க்குமாறு மனிதரைத் தூண்டியது அவர்களது தனிப்பட்ட நற்குணம் மட்டுமன்று, அந்த முடிச்சும்தான். அதே வேளையில், கால்வாயைத் தோண்டிய கைகள் யாருடையவை, அவர்கள் எதை விரும்பினர் என்பதற்குக் கல்வெட்டில் இடமில்லை. விழுக்காடு விட்டவனுக்கே, வெட்டியவனுக்கு அன்று.

வெட்டியவர்களைப் பற்றிய செய்தி பிற்கால வருவாய்த்துறை ஆவணங்களில்தான் தென்படத் தொடங்குகிறது. சித்தூர் மாவட்டம் 1911இல் உருவாகும் முன்னர் அதன் பெரும்பகுதி வட ஆர்க்காட்டில் இருந்தது. பாலாறு போன்ற வட ஆர்க்காட்டு மணலாறுகளின் பாசனத்தில் ஊற்றுக்கால்களுக்குத் தனி இடம் இருந்தது. தெலுங்கில் இவற்றை ஊட்டகாலுவ என்பர். ஆற்றின் மேற்பரப்பு வறண்டு கிடக்கும். மணலுக்குள் நீர் நகர்ந்துகொண்டிருக்கும். படுகையில் சாய்வாகக் கால் வெட்டி, அந்த அடிநீரை வெளிக்கொணர்ந்து வயலுக்குப் பாய்ச்சுவார்கள். வெள்ளம் வந்தால் கால் மூடிக்கொள்ளும். மறுபடியும் ஊர் கூடி மணலை ஒதுக்க வேண்டும். ஆற்று மணலில் கைவைக்காத புனிதப் பழங்காலம் ஒன்று இருந்ததில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். உழவர்கள் ஆண்டுதோறும் மணலைத் தோண்டினர். ஆனால் ஒதுக்கிய மணல் கரையோரத்திலேயே கிடந்தது; அடுத்த வெள்ளம் அதைப் பரப்பியது. மணலை இடம் மாற்றுவதற்கும் ஆற்றைவிட்டே அகற்றுவதற்கும் உள்ள வேறுபாட்டை அவர்களது தொழில்முறையே காத்துவந்தது.

இந்தப் பராமரிப்பு உழைப்புக்குக் குடிமராமத்து என்று பெயர். அதனை ஊரார் ஒற்றுமையின் பொற்காலமாகப் போற்றுவது இன்றைய வழக்கம். குடிமராமத்துக்கு வர மறுப்பவர்மீது பொறுப்புச் சுமத்தச் சென்னை மாகாண அரசு 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது என்பதும் வரலாறே. மடை திறந்து, நீர் பங்கிட்டு, இரவுக் காவல் இருந்த நீர்க்கட்டிகளில் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர், நிலம் அவர்களுடையதன்று. டேவிட் மோஸ், இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதி ஏரிகளை ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட நூலில், ஊர்ப்பொது மேலாண்மை என நாம் கருதுவது அரசதிகாரம், சாதிப்படிநிலை, மரியாதைப் போட்டி ஆகியவற்றோடு பின்னிக் கிடந்ததை விரிவாகக் காட்டினார். சுவர்ணமுகிக் கரையும் இதற்கு விதிவிலக்காக இருந்திருக்கக் காரணமில்லை. குடிமராமத்து நீடித்தமைக்கு அன்பும் காரணம், அச்சமும் காரணம், விளைச்சலும் காரணம்.

ஆற்றுப்படுகையின் சட்டநிலை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறியது. 1905ஆம் ஆண்டின் சென்னை நில ஆக்கிரமிப்புச் சட்டம் ஆறுகள், ஓடைகள், ஏரிகள் ஆகியவற்றின் படுகைகளை, தனியுரிமை உள்ளவை நீங்கலாக, அரசின் சொத்து என அறிவித்தது. காளத்தி போன்ற ஜமீன்களின் உரிமைகள் 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தால் அரசுக்கு வந்தன. பின்னர் 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டம் மணலுக்கு ஒரு புதிய பெயரைச் சூட்டியது. கட்டடக்கல், சரளை, சாதாரணக் களிமண் ஆகியவற்றோடு ‘சாதாரண மணல்’ சிறு கனிமமாக வரையறுக்கப்பட்டது. அதற்கான விதிகளை வகுக்கும் அதிகாரம் மாநிலங்களுக்குத் தரப்பட்டது.

சிறு, சாதாரண என்னும் இரண்டு அடைகளும் ஆராயத்தக்கவை. கனிமம் என்று வகைப்படுத்தும்போதே அது தோண்டி எடுக்கப்படும்போது மட்டும் மதிப்புப் பெறும் பொருளாகிவிடுகிறது. எடுக்கப்பட்ட மணலுக்குக் கன அளவு உண்டு, கட்டணம் உண்டு, பதிவேடு உண்டு. கிடக்கும் மணலுக்கு இவை எவையும் இல்லை. ஆனால் கரையோர உழவருக்கு மணலின் மதிப்பு முழுவதும் அது கிடப்பதில்தான் இருக்கிறது.

இதனைச் சிறு கணக்கால் விளக்கலாம். நீரால் நிறைந்த ஒரு கனமீட்டர் பருமணல் ஏறத்தாழ 200 முதல் 250 லிட்டர் நீரை வெளிவிடக் கூடியது. பத்துக் கனமீட்டர் மணல் ஏற்றிச் செல்லும் ஒரு லாரி, ஒவ்வொரு முறை ஆறு நிறையும்போதும் தேங்கியிருக்கக் கூடிய 2,000 லிட்டருக்குக் குறையாத நீரின் இருப்பிடத்தை எடுத்துச் செல்கிறது. போனது நீரன்று, நீர் தங்கும் வீடு. படுகை தாழும்போது இழப்பு இன்னும் பெரிது: ஆற்றின் மட்டம் இறங்கினால், கரையோரக் கிணறுகளின் நீர்மட்டம் அதை நோக்கிச் சரியும். காளத்தியின் கலம்காரிக் கலைஞர்களுக்கும் இந்த ஆறு வேறொரு வகையில் முதலீடு. படிகாரமும் மிகைச் சாயமும் நீங்கத் துணியை ஓடும் நீரில் அலச வேண்டும் என்பதால், நீரோட்டம் அக்கலையின் தொழிற்கருவிகளுள் ஒன்று. 2005இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கலையின் பெயரில் ஊர் இருக்கிறது; ஆற்று நீருக்கு உத்தரவாதம் இல்லை.

ஆழ்துளைக் கிணறுகள் பரவியபோது உழவருக்கும் ஆற்றுக்குமான உறவு ஒரு விந்தையான நிலையை அடைந்தது. ஊற்றுக்கால் வெட்ட ஊர் கூட வேண்டும். மோட்டார் போட ஒருவர் போதும். கூட்டு உழைப்பு தளர்ந்தது. ஆனால் கிணறு தனியுடைமை ஆனபோதும், அதற்கு ஊறும் நீர் அந்தப் பொது மணலிலிருந்தே வந்தது. ஆற்றைப் பேணும் பழைய அமைப்பு கலைந்துவிட்டது. ஆற்றைச் சார்ந்திருத்தல் கலையவில்லை. மணல் வண்டிகள் வந்தபோது ஊருக்குக் கவலை இருந்தது, அக்கவலையைச் செயலாக்கும் கருவி இல்லை.

கருவி அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆந்திரப் பிரதேசத்தின் 2002ஆம் ஆண்டு நீர், நிலம், மரங்கள் சட்டம், நிலத்தடி நீரைப் பாதிக்கும் மணல் எடுப்பைத் தடுக்க அதிகாரிகளுக்கு அதிகாரம் தருகிறது. 2012 பிப்ரவரி 27 அன்று தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஐந்து எக்டேருக்குக் குறைந்த சிறு கனிமக் குத்தகைகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி தேவை என்றது. சட்டத்தின் நோக்கில் மணல் வெறும் கனிமமன்று என்ற புரிதல் இவற்றில் இருக்கிறது. இருப்பினும் இவ்விரண்டும் நடைமுறைக்கு வர அதிகாரி அசைய வேண்டும். அதிகாரியை அசைக்க உழவர் மனுக் கொடுக்க வேண்டும். காப்பவரின் இடம் மனுதாரரின் இடமாகவே இருந்தது.

மறுபுறம், மணலை எடுப்பது பற்றிய கொள்கைகள் விரைந்து மாறிக்கொண்டிருந்தன. 2014இல் ஆந்திர அரசு மணல் துறைகளை நடத்தும் பொறுப்பை மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் ஒப்படைத்தது. 2016இல் இலவச மணல் கொள்கை வந்தது. 2019இல் மாநிலக் கனிம வளர்ச்சிக் கழகத்தின் வழியான விற்பனை வந்தது. 2024இல் மீண்டும் இலவச மணல். அண்டையிலுள்ள தமிழ்நாட்டில் 2003இல் பொதுப்பணித் துறையே மணல் குவாரிகளை எடுத்துக்கொண்டது. இம்மாற்றங்கள் ஒவ்வொன்றும் ஒரு நல்ல மதிப்பைச் சொல்லித்தான் வந்தன: பெண்களின் வருவாய், ஏழைகளின் வீடு, இடைத்தரகர் ஒழிப்பு, அரசு வருவாய். இவற்றுள் பொய்யானது என்று எதையும் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் எல்லாக் கொள்கைகளும் விடை தேடிய வினா ஒன்றே: எடுத்த மணலின் பயன் யாருக்கு? மகளிர் குழுவுக்கும் மணல் போனால்தான் பங்கு, கிடந்தால் பங்கில்லை. விட்டவன் விழுக்காட்டில் கொடையாளரின் நலன் நீர் நீடிப்பதோடு கட்டப்பட்டிருந்தது போல, இங்கே எவருடைய நலனும் மணல் நீடிப்பதோடு கட்டப்படவில்லை.

எடுப்பவர்களும் வெளியாரே என்று முடித்துவிடுவது எளிது. உண்மை அவ்வளவு நேரானதன்று. மணல் ஏற்றும் கூலியும் டிராக்டர் வாடகையும் ஆற்றோர ஊர்களுக்குள்ளேயே வருகின்றன. கிணற்றுப் பாசனம் உள்ள குடும்பத்துக்கும் நிலமற்ற குடும்பத்துக்கும் ஆற்றைக் காப்பதில் ஒரே அளவு பயன் இல்லை. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2022 அறிக்கை, உலகம் ஆண்டுக்கு 5,000 கோடி டன் மணலும் சரளையும் பயன்படுத்துவதாகக் கூறுகிறது. திருப்பதியும் சென்னையும் வளரும் வேகத்தில், தேவை என்னும் அழுத்தம் ஒவ்வோர் ஆற்றோர வீட்டின் வாசலுக்கும் கூலியாக வந்து நிற்கிறது.

மதிப்புகள் பற்றிய ஆய்வுலகம் இதனை எவ்வாறு பார்க்கிறது? பல்லுயிர், சூழல்சேவைகளுக்கான அரசுகளிடை அறிவியல்–கொள்கை மன்றம் 2022இல் வெளியிட்ட மதிப்பீடு, இயற்கையின் மதிப்புகளைக் கருவிமதிப்பு, தன்மதிப்பு, உறவுமதிப்பு என மூன்றாகப் பகுத்தது. முடிவெடுக்கும் இடங்களில் சந்தை சார்ந்த குறுகிய மதிப்புகளே மேலோங்குகின்றன என்றது. முனகலபாளையத்து முறையீட்டை இந்த மூன்றில் எதிலே வைப்பது? கிணற்று நீர் கருவிமதிப்பு. பொன்முகலி என்ற நினைவு உறவுமதிப்பு. உழவரின் வாழ்வில் இவை தனித்தனிப் பெட்டிகளில் இல்லை. திண்ணனுக்கும் அந்த ஆறு தாகத்துக்கு நீராகவும் இறைவனுக்கு நீராட்டாகவும் ஒருசேர அமைந்தது.

இன்னொரு திசையில், ராபர்ட் வேட் கர்நூல் மாவட்டக் கால்வாய்ப் பாசன ஊர்களை ஆராய்ந்து 1988இல் வெளியிட்ட நூல், கூட்டு மேலாண்மை எங்கே தோன்றுகிறது என்பதற்கு விடை தேடியது. கால்வாயின் கடைமடையில், நீர்ப்பற்றாக்குறையின் இடர் மிகுந்த ஊர்களிலேயே பொதுநிதியும் பொதுக்காவலும் வலுவாக இருந்தன. பண்பாட்டு வேறுபாட்டைவிட இடரே காரணம் என்றார் வேட். அவருடைய முடிவுக்குச் சுவர்ணமுகி ஒரு திருத்தம் சேர்க்கிறது. இடர் மட்டும் போதாது. வேட் கண்ட ஊர்களில் நீர்ப்பங்கீட்டாளரை அமர்த்தவும் கூலி கொடுக்கவும் விதி மீறினால் தண்டம் விதிக்கவும் ஊரால் முடிந்தது. ஆற்று மணல் விஷயத்தில் முனகலபாளையத்துக்கு இடர் இருந்தது. கூடும் திறன் இருந்தது. தண்டம் விதிக்கும் அதிகாரம் இல்லை. ஆகவே அந்தக் கூட்டுச்செயல் ஆற்றங்கரையில் நடைபெறாமல் நெடுஞ்சாலை ஓரத்தில், காவல் நிலைய வாசலில் நடைபெற வேண்டியதாயிற்று.

இயற்கைக் காப்பு பற்றிய திட்டங்களில் ‘மக்களிடம் விழிப்புணர்வு ஏற்படுத்துதல்’ என்ற வரி தவறாமல் இடம்பெறுகிறது. காப்போரிடம் நோக்கம் குறைவாக உள்ளது என்ற அனுமானம் அதன் அடியில் இருக்கிறது. ஏர்பேட்டில் 2017இல் குறைவாக இருந்தது நோக்கமன்று. எந்தத் துறையில் எவ்வளவு மணல் கிடக்க வேண்டும் என்று முடிவு செய்வதில் கிணற்றுக்காரருக்கும், துணி அலசுபவருக்கும், கூலிக்கு ஏற்றுபவருக்கும் வாக்குரிமை உள்ள ஓர் அமைப்பும், கிடக்கும் மணலால் அவர்களுக்கு விழும் ஒரு விழுக்காடும் இல்லாமையே குறை. 15ஆம் நூற்றாண்டின் கோயில் கணக்கருக்குப் பாதியளவு தெரிந்திருந்த உண்மை இது. மீதிப் பாதியை, அதாவது வெட்டியவருக்கும் பங்கு உண்டு என்பதை, சேர்த்து எழுதும் பொறுப்பு இன்றைய சட்டத்துக்கு உரியது.